கூண்டைக் கீழே இறக்கிய கோடை

குஞ்சம்மாள் தண்ணீரைக் கண்ணால் பார்த்து நம்புகிற ஆள் இல்லை. குளமோ ஆறோ, இறங்குவதற்கு முன்னால் இடது காலை முழங்கால் வரைக்கும் விட்டுச் சற்று நேரம் நிற்பாள். மேலே எவ்வளவு சூடு, கீழே எவ்வளவு குளிர்ச்சி, சேறு பழசா புதுசா, எல்லாவற்றையும் அந்தக் கால் சொல்லிவிடும் என்று அவளுக்கு எண்ணம். பாதி நாள் சொல்லவும் செய்தது. கால் சொன்னதைக் கேட்டுத்தான் அவள் பிழைத்தாள். கால் சொன்னதைக் கேட்டுத்தான் ஒரு தடவை வசமாக மாட்டிக்கொண்டாள்.

பிறந்தது வரிச்சிக்குடிப் பக்கம், ஆற்றங்கரையில். தடவி இறால் பிடிக்கிற குடும்பம். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, கையால் அடிச்சேற்றைத் துழாவி, அகப்படுகிற இறாலை, பல்லில் கவ்வியிருக்கும் பறி என்கிற ஓலைக்கூடையில் போட வேண்டும். வாயில் பறி இருப்பதால் வேலை நேரத்தில் பேச முடியாது. அதனாலேயோ என்னவோ கரையேறினால் குஞ்சம்மாள் வாய் மூடமாட்டாள். அவர்கள் வீட்டில் குஞ்சு குளுவான்களுக்குக்கூட ஒரு சங்கதி தெரியும். சித்திரை வைகாசியில் ஆறு ஒடுங்கிப்போகும்போது மீன் எல்லாம் மடுவைத் தேடிப் போகும். மடு என்றால் ஆற்றில் ஆழமான பள்ளம். அடியில் ஊற்று சுரக்கும், தண்ணீர் சில்லென்று இருக்கும். எங்கே கால் குளிர்கிறதோ அங்கே மீன் இருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு.

அப்படிப்பட்டவளைக் கடற்கரைக்காரன் கோவிந்தராசு காரைக்கால் மார்க்கெட்டில் பார்த்து, பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டான். மாமியார் கொஞ்ச காலம், "எங்க வூட்டுக்கு வாய்க்கா மீனு வந்திருக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். குஞ்சம்மாளும் சளைக்கவில்லை. "வாய்க்கா மீனுதான் கொழம்புக்கு ருசி" என்று அதே சத்தத்தில் திருப்பிச் சொல்வாள். பிறகு சசிதரன் பிறந்தான். மாமியார் மீனை மறந்து பேரனைப் பிடித்துக்கொண்டாள்.

சசிதரன் கடலில்தான் போனான். அதாவது, கடலுக்குப் போகவில்லை, கடல் வந்து அவனைக் கொண்டுபோனது. இரண்டாயிரத்து நாலு டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. விடியலில் கோவிந்தராசு ஃபைபர் படகுக்குக் கிளம்பும்போது பையன் பாயிலிருந்து எழுந்து, "நானும் அப்பாவோட போறேன்" என்று நின்றான். குஞ்சம்மாள்தான் விடவில்லை. பனிக்காற்று, சளி பிடிக்கும், வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டாள். வீட்டில் இருந்தவன் காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு மணலுக்குக் கிரிக்கெட் விளையாடப் போனான். ஆழத்தில் இருந்த படகுகளுக்கு அன்றைக்கு ஒரு தூக்கு தூக்கிப் போட்டது மாதிரிதான் இருந்ததாம். கோவிந்தராசு முழுசாகத் திரும்பி வந்தான். கரையில் வீடும் இல்லை, அவன் அம்மாவும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அதற்குப் பிறகு குஞ்சம்மாள் கடற்கரையை மிதிக்கவில்லை. சுனாமிக் குடியிருப்பில் கொடுத்த வீட்டுக்குக் கடல் சத்தம் கேட்காது. அந்த வீட்டில் அவளுக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான். புருசனையும் கடலுக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இதைப் பற்றி அவர்களுக்குள் நடக்கிற சண்டை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

"கடல்ல இருந்த நான் பொழச்சு வந்தேன். கரையில இருந்த புள்ளயத்தான் அது தூக்கிட்டுப் போச்சு. அப்புறம் எதுக்குக் கடலக் கண்டு பயப்படுற?" என்பான் கோவிந்தராசு.

"அதுக்குத்தான் பயப்படுறேன். ஊருக்குள்ள தேடி வந்து தூக்குன கடலு, நீங்களா அது மடியில போயி ஒக்காந்தா விட்டுருமா?"

அதற்கு மேல் அவன் பேசமாட்டான். பையனை அன்றைக்கு நிறுத்தி வைத்தது யார் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. குடித்த நேரத்தில்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவன் கேட்காமல் இருப்பதே குஞ்சம்மாளுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. மனதுக்குள் அவன் அவளைத்தான் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடலுக்குப் போகாத கடற்கரைக்காரன் என்ன செய்வான்? கோவிந்தராசு கொத்தனாருக்குச் சாந்து குழைத்தான், உரக்கடையில் மூட்டை தூக்கினான். எதிலும் ஒட்டவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் பெண்கள் குழுவுக்கு மீன் வளர்க்கும் கூண்டு கொடுத்தது. மூங்கில் சட்டம், நான்கு மூலையிலும் நீலப் பிளாஸ்டிக் டிரம், உள்ளே தொங்கும் நைலான் வலை. ஆற்றில் மிதக்கவிட்டு, கெண்டைக் குஞ்சு விட்டு, தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்க்க வேண்டும். குஞ்சம்மாள் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். புருசனிடம் பேரம் பேசி முடித்தாள். கூண்டில் பிழைப்பு ஓடினால் அவன் கடலுக்குப் போகக் கூடாது. ஓடவில்லை என்றால் அவள் குறுக்கே நிற்கக் கூடாது. கோவிந்தராசு சரி என்றான். மணிவேல் என்கிற விசைப்படகுக்காரர் அவனைத் தன் படகுக்கு வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். மே மாதக் கடைசியில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்புவதற்குள் முடிவு சொல்வதாக அவரிடம் தவணை வாங்கிக்கொண்டான்.

கூண்டைக் கட்டிய இடம் கதவணைக்குச் சற்று மேலே. ஆறு கடலைத் தொடுவதற்கு முன்னால் இருக்கும் கடைசித் தடுப்பு அது. கடலின் உப்பு மேலே ஏறக்கூடாது, மேட்டூரில் திறந்துவிட்டு வழியெல்லாம் எடுத்துக்கொண்டது போக இந்தக் கடைமடைக்கு மிஞ்சி வருகிற கொஞ்சத் தண்ணீரும் வீணாகக் கடலில் சேரக்கூடாது என்று கட்டியது. முன்பு அங்கே பலகை போட்டு அடைப்பார்கள். நிறைந்தால் மேல்தண்ணீர் பலகையைத் தாண்டி வழிந்து போகும். கதவணை வந்த பிறகு இரும்பு ஷட்டர். சக்கரத்தைச் சுற்றினால் ஷட்டர் கீழிருந்து மேலே ஏறும், அடித்தண்ணீர் முதலில் பாயும். இந்த வித்தியாசத்தைப் பற்றி ஊரில் யாரும் யோசித்தது இல்லை. நெல்லுக்கு எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன?

தையில் மேட்டூரை மூடிவிட்டால் ஆற்றில் ஓட்டம் நின்றுவிடும். ஷட்டருக்குப் பின்னால் தேங்கியது தேங்கியபடி கோடை முழுக்கக் கிடக்கும். பிறகு மேலிருந்து புதுத்தண்ணீர் வருகிற தகவல் வந்ததும், பழைய தண்ணீரைத் தள்ளிவிட ஷட்டர்காரர் காஜா மைதீன் சக்கரத்தைச் சுற்றுவார். அன்றைக்குக் கதவணையின் கீழ்ப்புறம் திருவிழாக் கூட்டம்தான். கூடை, அன்னக்கூடை, கொசுவலை, எதுவும் இல்லாதவர்களுக்குச் சேலைத் தலைப்பு. ஷட்டர் தூக்கிய கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சில்லென்று, கூழ்முட்டை வாடையோடு பாயும். கீழே கிடக்கும் மடவையும் கெளுத்தியும் மயங்கி, மல்லாந்து மிதந்து வரும். அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு மயக்க மீன் என்று பெயர். புதுத்தண்ணீர் வருகிற சந்தோஷத்தில் மீன் சொக்கிப்போகிறது என்று ஊர்ப்பேச்சு. சிலர் கரையில் சூடம் கொளுத்திவிட்டு அள்ளுவார்கள். குஞ்சம்மாளும் வருடம் தவறாமல் அள்ளியிருக்கிறாள், வாடை போகக் குழம்பில் புளியைக் கூடக் கரைத்திருக்கிறாள். சந்தோஷத்தில் சொக்குகிற மீன் ஏன் திரும்ப எழுந்திருப்பதில்லை என்று அவளும் கேட்டதில்லை. சும்மா வருகிற மீனிடம் யார் கேள்வி கேட்பார்கள்?

அது இரண்டாயிரத்து ஏழு. மாசி, பங்குனி வரைக்கும் கூண்டு மீன் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வளர்ந்தது. குஞ்சம்மாள் தவிட்டுருண்டையோடு போனாலே தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன் மொய்க்கும். கோவிந்தராசு முதலில் கரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு, "கடல் மீனப் பாத்த கண்ணுக்கு இது என்ன, தொட்டி மீனு" என்று கிண்டல் செய்தான். பிறகு அவனே காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து தவிடு பிசைய ஆரம்பித்தான். ஒரு நாள் கையில் ஒரு ரோகுவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மணிவேலு அண்ணன்கிட்ட வேற ஆள் பாக்கச் சொல்லிரலாமா?" என்று கேட்டான். குஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். எத்தனையோ காலம் கழித்து வந்த சிரிப்பு அது.

கத்திரி வெயில் வந்தது. காற்று நின்றுபோனது. தேங்கிய தண்ணீரின் மேல் பச்சை படர்ந்தது. மீன் தீனி எடுக்கவில்லை. போட்ட உருண்டை போட்டபடி ஊறிக் கரைந்தது. மீனெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்து மூடியது. தினமும் ஒன்றிரண்டு செத்து மிதந்தது. குஞ்சம்மாள் ஆற்றில் இறங்கி இடது காலை விட்டு நின்றாள். முழங்காலில் வடித்த கஞ்சி மாதிரிச் சூடு. இன்னும் உள்ளே போய்க் கழுத்தளவில் நின்றபோது பாதம் குளிர்ந்தது. ஒரே தண்ணீர்தான், மேலே கொதிக்கிறது, அடியில் மடு மாதிரிச் சில்லென்று இருக்கிறது. அவளுக்கு உடனே விஷயம் பிடிபட்டுவிட்டது. அதாவது, பிடிபட்டுவிட்டதாக நினைத்தாள்.

"மீனுக்குச் சூடு தாங்கல. மடுவுக்குப் போவணும்னு துடிக்குது. நாமதான் வலையப் போட்டு மேலயே கட்டி வச்சிருக்கோம்" என்றாள் கோவிந்தராசுவிடம். "கூண்டக் கீழ எறக்கிருவோம்."

"மீன்துறை மேடம் கீழ எறக்கக் கூடாதுன்னாங்களே?"

சொன்னது உண்மைதான். குஞ்சு விட்ட அன்றைக்கு மீன்துறையிலிருந்து வந்த வினிதா என்ற அதிகாரி, கூண்டை மேலேயே வைக்க வேண்டும், வெயில் அடித்தால் தென்னங்கீற்றால் மூட வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"அவங்க படிச்சது வேற. நான் இந்த ஆத்துலயே பொறந்தவ. சித்திரையில மீனு எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் பொழுது சாய்வதற்குள் வேலையை முடித்தார்கள். வலையின் வாயைத் தைத்து மூடி, டிரம்களை அவிழ்த்து, மூலைக்கு மூலை கருங்கல் கட்டி, கயிற்றால் மெல்ல இறக்கினார்கள். கோவிந்தராசு முங்கிப்போய்க் கூண்டு தரையில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு மேலே வந்து துப்பினான்.

"கீழ ஒரு மாதிரி வாடையா இருக்கு குஞ்சு."

"சேறுன்னா வாடை அடிக்காதா? கடல்ல மெதந்த ஆளுக்குச் சேத்து வாசம் புதுசுதான்."

அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். அன்றைக்குக் குஞ்சம்மாள் நிம்மதியாகப் படுத்தாள். கொதிக்கிற வெயிலிலிருந்து அத்தனை உயிரையும் குளிர்ந்த இடத்தில் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்தாயிற்று.

காலையில் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கனத்தது. கூண்டு மேலே வர வர வாடை முன்னால் வந்தது. கூழ்முட்டை வாடை. இந்த வாடையை அவளுக்கு நன்றாகத் தெரியும், இதைப் போக்கத்தானே வருடா வருடம் புளி கரைத்திருக்கிறாள். வலை தண்ணீருக்கு மேலே வந்தபோது உள்ளே முழுக்க வெள்ளை வயிறு. கூண்டு கீழே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறது. மேலே தூக்கியிருந்த மூலையில் மட்டும் ஒரு கூடைக்குக் காணாத அளவு மீன் உயிரோடு வாயை அசைத்துக்கொண்டிருந்தது.

"மயக்க மீனு" என்றாள் குஞ்சம்மாள். அப்படியே கரைச்சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

கதவணைப் பாலத்திலிருந்து பார்த்த காஜா மைதீன் வேகமாக இறங்கி வந்தார். செத்த மீனையும் நனைந்த கல்லையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கீழ எறக்கினியளா தங்கச்சி? யா அல்லா. அது அடித்தண்ணியல்லவா?"

"மடு மாதிரி குளுகுளுன்னு இருந்துச்சு பாய்."

"மடுவுல ஊத்து சொரக்கும், ஓட்டம் இருக்கும். இது அடைச்சு வச்ச தண்ணி. வெயிலு மேல்தண்ணியத்தான் சுட வைக்கிது. சுட்ட தண்ணி லேசா மேலயே கெடக்கு. குளுந்தது கனத்துப்போயி அடியிலயே குந்திக்கிது. ரெண்டும் கலக்குறதே இல்ல. காத்துப் படாம அடியில எல்லாம் அழுகிக் கெடக்கு. அதுல மீனு எப்புடி மூச்சு விடும்? நான் ஷட்டரத் தூக்குனா மொதல்ல ஓடுறது இந்தத் தண்ணிதான். அதுலதான் கீழ இருக்குற மீனும் சாவுது."

"இதெல்லாம் ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

காஜா மைதீன் தலையைச் சொறிந்தார். "போன வருசம் அந்த மேடம் கயித்துல தெர்மாமீட்டரக் கட்டி எறக்கிப் பாத்துட்டுச் சொன்னாங்க. நான் ஷட்டருக்குத்தான ஆளு, மீனுக்கு இல்லையேன்னு காதுல வாங்கி அப்புடியே விட்டுட்டேன். ஒங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்."

அவர் நல்ல மனுசர். உயிரோடு இருந்த மீனை மாற்ற ஒரு அண்டா கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். கோவிந்தராசு கூண்டுக்குள் குனிந்து செத்ததை அள்ளி அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தான். திட்டவில்லை. அவன் திட்டியிருந்தால் குஞ்சம்மாள் தாங்கியிருப்பாள். அவன் சும்மா இருந்ததுதான் அவளைப் போட்டு அறுத்தது.

"கேட்டுருங்க" என்றாள்.

"என்னத்தக் கேக்கணும்?"

"மனசுல வச்சிருக்கறதக் கேட்டுருங்க. நான் எதப் பத்திரமா வச்சாலும் அது சாவுது. மேல கெடந்து வாயப் பொளந்துக்கிட்டாவது உசுரோட இருந்துச்சு, நாந்தான் கீழ கொண்டுபோயி அடைச்சுக் கொன்னேன். அவனயும் அப்புடித்தான். உங்ககூட வர்றேன்னு நின்ன புள்ளய வூட்டுல பத்திரமா இருன்னு நாந்தான் புடிச்சு வச்சேன். அன்னைக்கி விட்டிருந்தா இந்நேரம் மீச மொளைக்கிற வயசு. இத்தன நாளா நீங்க ஒரு வார்த்த கேக்கல. இன்னைக்கிக் கேட்டுருங்க."

கோவிந்தராசு கையிலிருந்த மீனைக் கீழே போட்டான். கூண்டின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றான்.

"கரைக்கு வந்தான்" என்றான்.

"யாரு?"

"சசிதான். நீ வேணாம்னதும் ஒனக்குத் தெரியாம என் பின்னாலயே ஓடியாந்தான். நாங்க படகத் தள்ளிக்கிட்டு இருந்தோம். ஏறிட்டான் குஞ்சு. ஏறி முன்னால போயி ஒக்காந்துட்டான்."

குஞ்சம்மாள் சேற்றிலிருந்து எழுந்தாள்.

"நாந்தான் கையப் புடிச்சு எறக்கி விட்டேன். அம்மா தேடும், வூட்டுக்குப் போடான்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னான். நான் திரும்பிக்கூடப் பாக்கல."

இரண்டரை வருடமாக அவன் கேட்காமல் இருந்தது ஏன் என்று இப்போதுதான் குஞ்சம்மாளுக்கு விளங்கியது. கேட்டால் இவள் திருப்பிக் கேட்பாளே என்று பயந்துபோய்க் கிடந்திருக்கிறான். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, ஆளுக்கு ஒரு பாரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சோறு தின்றிருக்கிறார்கள். அவளுக்கு அழுகை பொங்கியது. அவன்மேல் கோபம் வரும் என்று ஒரு நிமிடம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது, அவனைப் பார்க்கவும், தன்னை நினைக்கவும். தண்ணீரில் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள். காஜா மைதீன் அண்டாவோடு வரும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்று அழுதார்கள்.

பிழைத்த மீனை டிரம் கட்டிய கூண்டில் மேலேயே விட்டு, தென்னங்கீற்று பரப்பினார்கள். வலையை ஆழம் குறைத்துக் கட்டியதும், விடியலில் மட்டையால் தண்ணீரை அடித்துக் கலக்கிவிட்டதும் கோவிந்தராசுவின் வேலை. கொஞ்சம் மீன் தேறியது. அடுத்த வருடம் மறுபடி குஞ்சு விட்டார்கள். குஞ்சம்மாள் இப்போதும் கூண்டு வைத்திருக்கிறாள். கழுத்தளவில் நின்று பாதத்தில் குளிர் தட்டினால், "அங்க போவாத" என்று மீனுக்குச் சொல்கிற மாதிரி தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஷட்டர் தூக்குகிற அன்றைக்குக் கீழ்க்கரைக்கு அவள் போவதில்லை. மற்றவர்கள் போகிறார்கள், அள்ளுகிறார்கள், சூடம் கொளுத்துகிறார்கள்.

தடைக்காலம் முடிந்த அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பேரத்தில் தோற்றது குஞ்சம்மாள்தான். ஆனாலும் கோவிந்தராசு மணிவேலிடம் போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தான். அவள்தான் சோற்றைக் கட்டி, தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

சுனாமிக்குப் பிறகு முதல் தடவையாக மணலை மிதித்தாள். அலை வந்து திரும்பும் இடத்தில் இடது காலை விட்டு நின்றாள். அலை முழங்கால்வரை ஏறி இறங்கியது. மேலும் கீழும் ஒரே சூடு. ஒரு இடத்தில் நிற்காத தண்ணீர், எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தது.

பிறகு படகுத் துறைக்குப் போனார்கள். மணிவேலின் விசைப்படகு கிளம்பத் தயாராக நின்றது. கோவிந்தராசு ஏறிக்கொண்டு, தூக்குவாளிக்குக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"எங்க வப்பீங்க?" என்று கேட்டாள்.

"உள்ளதான், இஞ்சின் பக்கத்துல."

"வேணாம். முன்னால வைங்க."

கோவிந்தராசு அவளைப் பார்த்தான். வாளியை வாங்கிக்கொண்டு, வலைக்குவியலைத் தாண்டி, படகின் முனைக்குப் போனான். ஒரு சின்னப் பையன் உட்காருகிற அளவுக்கு இருந்த இடத்தில் வாளியை வைத்து, ஆடாமல் இருக்கக் கயிற்றால் கட்டினான்.